ஓரக்காய்ச்சல்

சித்திரை பிறந்து எட்டாம் நாள், நாற்பதாம் பாத்தியின் நடுவில் குத்தியிருந்த சூட்டூசி எழுபத்தொன்றைக் காட்டியது. ஒரு சாண் ஆழத்தில் எழுபத்தொரு டிகிரி. அந்தச் சூட்டில் களை விதை வேகும், வேர்ப்புழு வேகும், முளைத்த நாற்றைக் கழுத்தில் பிடித்து அழுக வைக்கும் பூஞ்சையும் வேகும். பால்த்துரை கைப்பலகையில் 'சுத்தம்' என்று ஒப்பமிட்டுவிட்டு நாற்பத்தோராம் பாத்திக்கு நடந்தார்.

அரசு நாற்றுப்பண்ணை பதினேழில் மொத்தம் முந்நூற்றிருபது பாத்திகள். அத்தனையும் வெயிற்போர்வைக்கு அடியில் கிடந்தன. வெங்காயத் தோல் கனம்கூட இல்லாத கண்ணாடி நிறப் படலம் அது. வெயிலை உள்ளே விடும்; உள்ளே போன சூட்டை வெளியே விடாது. மண்ணை நன்றாக நனைத்து, போர்வையை இழுத்து விரித்து, சுற்றிலும் ஓரத்தைச் சிறு பள்ளத்தில் இறக்கி மண் போட்டு மூட வேண்டும். பன்னிரண்டு நாள் கழித்து எடுத்தால் சோறு வடித்த பானை மாதிரி மண் ஆவி விடும். அதில் விதைத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு முளைத்து நிற்கும். போர்வை வருவதற்கு முந்தைய காலத்தில் நூற்றுக்கு முப்பது நின்றாலே பெரிய காரியம்.

நாற்று இல்லாமல் அந்தச் சீமையில் மனிதன் வாழ முடியாது என்றாகி இருபது வருடங்கள் ஓடிவிட்டன. காலை பதினோரு மணிக்கெல்லாம் வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. நிழலில்லாத சாலையில் அரை மணி நேரம் நடந்தவன் விழுந்தான். விழுந்தவர்களில் பாதிப்பேர் எழுந்திருக்கவில்லை. அதன்பிறகுதான் நிழற்சட்டம் வந்தது. சாலை, கண்மாய்க்கரை, பள்ளிக்கூடம், சந்தை என்று எல்லா இடத்திலும் மரம் நிற்க வேண்டும். வேம்பு, புங்கன், வாகை, இலுப்பை என்று பதினேழாம் பண்ணை மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் நாற்றுக் கொடுத்தது. முப்பது வருடமாக அதன் மண்ணுக்குப் பொறுப்பு பால்த்துரைதான். 'மண்காப்பாளர்' என்பது பதவியின் பெயர்.

போர்வையின் ஓரத்தை மூடும் வேலைக்கு மட்டும் எந்திரம் ஒத்துவரவில்லை, படலத்தைக் கிழித்துவிட்டது. வெறுங்காலால் மண்ணைத் தள்ளி, மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். அந்த வேலைக்குப் பதினான்கு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஞானக்கனி, பால்த்துரையின் மனைவி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓரம் மிதிக்கிறவள்.

நாற்பத்தோராம் பாத்தியருகே அவர் போனபோது ஞானக்கனி மிதிப்பதை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை நேரத்தில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. நாலு நாளாய் இருமல் இருந்தது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். அந்த வெயிலிலும் அவருடைய கைக்குச் சுட்டது.

"தண்ணி குடிக்கலயோ?"

"குடிச்சாச்சு. செல்லத்தாயிக்கும் இப்படித்தான் இருக்குதாம். சரோசா ரெண்டு நாளா வரவே இல்ல."

ஒரு வாரத்தில் பதினான்கு பேரில் பதினொரு பேருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மாலையில் ஏறும், காலையில் இறங்கும், முழுதாக விடாது. விதை போடுகிறவர்களுக்கு இல்லை, தண்ணீர் விடுகிறவர்களுக்கு இல்லை. ஓரம் மிதித்தவர்களுக்கு மட்டும். டாக்டர்கள் பெயர் வைக்கும் முன்னரே ஊர் அதற்கு 'ஓரக்காய்ச்சல்' என்று பெயர் வைத்துவிட்டது.

*

டாக்டர் நிலோஃபர் பண்ணைக்கு நேரிலேயே வந்தார். பதினொரு பேரையும் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் நுரையீரல் நோய் பார்க்கிறவர், நாற்பது வயதிருக்கும். கையில் மூடியிட்ட கண்ணாடித் தட்டு ஒன்று. செல்லத்தாயின் நெஞ்சுச் சளியிலிருந்து வளர்த்தெடுத்தது. சாம்பல் நிறத்தில் மெல்லிய பஞ்சு மாதிரி ஏதோ தட்டு முழுக்கப் படர்ந்திருந்தது. இதை எங்காவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

பால்த்துரைக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் அவர் சண்டை போட்ட எதிரி அது. கழுத்தழுகல் பூஞ்சை. ஆனால் அது நாற்றில் வருவது. மனிதருக்குள் அதற்கு என்ன வேலை?

பாத்தி ஓரத்து மண்ணிலிருந்து அவர் வளர்த்து வைத்திருந்த தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். டாக்டர் கொண்டுவந்திருந்த இனங்காணியில் இரண்டையும் வைத்தார்கள். தீப்பெட்டி அளவுக் கருவி. உயிரின் மரபைப் படித்து, எது எதற்குப் பிறந்தது என்று சொல்லிவிடும். கால் மணி நேரத்தில் சொன்னது. இரண்டும் ஒரே குடும்பம். ஓரத்து மண்ணில் இருந்தது தாய், செல்லத்தாயின் நெஞ்சில் இருந்தது பிள்ளை.

டாக்டர் அலுவலக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். உலகத்தில் பூஞ்சை பல லட்சம் வகை இருக்கிறது, மரத்தையும் பூச்சியையும் தவளையையும் அது தின்கிறது, ஆனால் மனிதனை உள்ளே புகுந்து தின்னக்கூடியவை சொற்பம், அது ஏன் தெரியுமா என்று கேட்டார்.

"நம்ம உடம்புச் சூடுதான் சார் காரணம். முப்பத்தேழு டிகிரி. அந்தச் சூட்டுல பெரும்பாலான பூஞ்சையால வளர முடியாது. அதுதான் நமக்கு வேலி. இது வேலியத் தாண்டியிருக்கு. எங்கயோ கத்துக்கிட்டு வந்திருக்கு."

அது எங்கே கற்றுக்கொண்டது என்று பால்த்துரைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போர்வையின் நடுவில் எழுபத்தொன்று. அங்கே எதுவும் பிழைக்காது. ஆனால் ஓரத்தில் சூடு பக்கத்து மண்ணுக்குக் கசிந்துவிடும். விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு சாண் அகலத்துக்கு முப்பத்தைந்து, முப்பத்தெட்டு, நாற்பது, நாற்பத்துமூன்று என்று படிப்படியாகத்தான் ஏறும். பண்ணைக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். அதனால்தான் ஓரச் சாணில் விதைப்பதில்லை. விதிப்படி ஊசியை நடுவில்தான் குத்துவார்கள்.

நாற்பது வருடங்களுக்கு முன் முதல் போர்வை ஐம்பத்திரண்டு டிகிரிக்கு வந்தது. நாலைந்து ஆண்டு ஒரு நாற்றுக்கூடச் சாகவில்லை. பிறகு ஓரங்களில் அழுகல் எட்டிப்பார்த்தது. துறை அடுத்த போர்வையை ஐம்பத்தெட்டுக்கு நெய்து அனுப்பியது. மறுபடி நாலைந்து ஆண்டு. அறுபத்துமூன்று. அறுபத்தேழு. எழுபத்தொன்று கேட்டு மனு எழுதியவரே பால்த்துரைதான். ஒவ்வொரு ஆண்டும் நடுவிலிருந்ததெல்லாம் செத்தது. ஓரத்தில் சூட்டைத் தாங்கியது மட்டும் மிஞ்சி, அடுத்த ஆண்டுக்கு விதையாகியது. நாற்பது கோடை. கடைசியில் அந்தப் படியில் ஏறி முப்பத்தேழைத் தாண்டிய ஒன்று, அதே மண்ணை வெறுங்காலால் மிதித்துப் புழுதியை முகர்ந்த பெண்ணின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னார். தன் மனுவைப் பற்றியும் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டே தட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

*

மருந்து எதுவும் பிடிக்கவில்லை. முதலில் சரோசா போனாள். மூன்றாம் நாள் இன்னொருத்தி. மீதி ஒன்பது பேரும் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். அப்போதுதான் மருத்துவக் குழு ஒரு முடிவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் வெயிற்போர்வையாலேயே கூடாரம் அடிப்பது. நோயாளியை மயக்கி உள்ளே கிடத்தி, தலைக்கு மட்டும் பனித்தொப்பி போட்டு, உடம்பை ஆறு மணி நேரம் நாற்பத்தொன்றே முக்காலில் வைத்திருப்பது. மனித உடம்பு தாங்கக்கூடிய எல்லை அது. பூஞ்சைக்கு அந்தச் சூடு ஆகாது என்று தட்டுகளில் சோதித்துப் பார்த்திருந்தார்கள்.

போர்வையை விரிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று பால்த்துரையை அழைத்தார்கள். அவர் போய்த் தன் கையாலேயே கட்டினார். ஒன்பது பேரில் ஒருத்தி கூடாரத்திலேயே இறந்தாள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். மூன்று முறை உள்ளே போய் வந்த ஞானக்கனிக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் ரசஞ்சோறு கேட்டாள். நெஞ்சுப் படத்தில் நிழலே இல்லை. அறிக்கையின் அடியில் டாக்டர் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: சுத்தம்.

அந்த வார்த்தையைப் பால்த்துரையால் நம்ப முடியவில்லை.

ஏனென்றால் மூன்றாம் முறை அவள் கூடாரத்துக்குள் கிடந்தபோது, அவருடைய கை சும்மா இருக்கவில்லை. நரம்பூசி போடவும் நாடி பார்க்கவும் வசதியாக நோயாளியின் கையும் காலும் கூடாரத்துக்கு வெளியே இருக்கும். முப்பது வருடப் பழக்கம், சட்டைப்பையிலிருந்த சூட்டூசியை எடுத்து அவளுடைய கால் கட்டைவிரல் நகத்தோரம் வைத்துப் பார்த்தார். முப்பத்தாறு காட்டியது. முழங்காலுக்குக் கீழே முப்பத்தெட்டு. தொடையில் நாற்பது. ஊசியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. மகள் ரெஜினாவுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு வந்து வீட்டில் காத்திருந்தாள். ஞானக்கனி பையைக் கட்டிவைத்துவிட்டு, பேரப்பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பக்கத்துப் படுக்கைக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். பால்த்துரை ஒரு நாள் முழுக்க வராந்தாவில் நடந்தார். சொன்னால் அவளை விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் அவள் போய் மகளின் வயிற்றைத் தடவுவாள். மறுநாள் காலை டாக்டர் வந்ததும் எழுந்து போய், நகத்துக்கு அடியிலும் காது மடலிலும் ஒருமுறை சுரண்டிப் பார்க்கச் சொன்னார்.

எட்டுப் பேரிடமும் பூஞ்சை இருந்தது. உயிரோடு இருந்தது. தட்டில் போட்டுச் சூட்டை ஏற்றிப் பார்த்தார்கள். முன்பு நாற்பத்தொன்றே முக்காலில் செத்தது இப்போது சாகவில்லை.

டாக்டர் நிலோஃபர் அவரைத் தனியே கூப்பிட்டார். "உங்க பாத்தியில ஓரத்துல மிஞ்சினா என்ன சார் பண்ணுவீங்க?"

"சூட்டைக் கூட்டுவோம்."

"போயிருமா?"

"போகும். நாலு வருசம், அஞ்சு வருசம் தலைகாட்டாது. பொறவு வரும். வரும்போது முன்னவிட வலுத்து வரும்."

அவர் சொன்னதில் எந்தப் பாதி மருத்துவக் குழுவின் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. அடுத்த வாரம் புதிய ஏற்பாடு வந்தது. கை, கால், காது எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடி, நாற்பத்திரண்டரை. பிழைப்பது பாதிக்குப் பாதி என்று சொல்லித்தான் சம்மதம் கேட்டார்கள். சம்மதிக்காதவர்கள் வெளியே போக முடியாது, சாகும்வரை தனிமைதான்.

பால்த்துரை அவளிடம் போய்ச் சொன்னார். ஞானக்கனி கட்டிவைத்திருந்த பையை அவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் இந்நேரம் வீட்டுல இருப்பேன்" என்றாள்.

அவர் தலை குனிந்தார்.

"குத்தம் சொல்லல. நீங்க சொன்னதுதான் சரி. சொல்லாம இருந்திருந்தா உங்க மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன்." பிறகு கேட்டாள். "இன்னொரு தரம் வேகவச்சா இது எத்தன வரைக்கும் தாங்கும்?"

"மிஞ்சினா நாப்பத்திரண்டரை தாங்கும்."

"எனக்குள்ள இருக்கது இப்போதைக்கு நாப்பத்தொண்ணே முக்கா வரைக்கும் படிச்சிருக்கு. அதுக்கு மேல படிக்க வைக்க மாட்டேன். நான் கூடாரத்துக்குப் போகல."

எட்டுப் பேரில் அவள் ஒருத்திதான் மறுத்தாள். ஏழு பேர் போனார்கள். மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அவர்களிடம் நகம், காது, நாக்கு என்று எங்கே சுரண்டினாலும் ஒன்றும் இல்லை. செல்லத்தாய் அதில் ஒருத்தி. ஆஸ்பத்திரி வாசலில் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். மாநிலம் முழுக்க அந்தப் படம் ஓடியது. கூடாரம் கட்ட மற்ற மாவட்டங்களுக்கும் உத்தரவு போயிற்று.

*

ஞானக்கனியைப் பண்ணையின் பழைய விதைக்கிடங்கில் வைத்தார்கள். வாசலில் இரட்டைக் கம்பிவலையும் நடுவே கண்ணாடியும். சோறு ஒரு பெட்டி வழியாக உள்ளே போகும். உள்ளே போன பாத்திரம் வெளியே வராது. ஆவணியில் ரெஜினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் தூக்கிக்கொண்டு வந்து கண்ணாடிக்கு அப்பால் காட்டினாள். ஞானக்கனி எழுந்து வந்து நின்று பார்த்தாள். கண்ணாடியில் கைவைக்கவில்லை. குழந்தை முழித்துக்கொள்ளும், வெயில் ஏறும்முன் கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் சொன்னாள்.

புரட்டாசிக் கடைசியில் டாக்டர் நிலோஃபர் ஒருநாள் காலை தனியாகப் பண்ணைக்கு வந்தார். நேரே கிடங்குக்குப் போய்க் கண்ணாடி முன் நின்றார். பால்த்துரை ஓடி வந்தார்.

தன் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் காய்ச்சலாகப் படுத்திருப்பதாகச் சொன்னார். இருபத்தாறு வயது. ஆஸ்பத்திரிக் குடியிருப்பை விட்டு வெளியே போகாத பெண். பண்ணை மண் அவள் காலில் பட்டதே இல்லை. கூடாரத்திலிருந்து வந்த மூன்று பேருக்குத் துணி மாற்றியவள். அவர்களின் குடலுக்குள் எங்கோ, சுரண்டிப் பார்க்க எட்டாத இடத்தில், அது ஒளிந்து கிடந்திருக்கிறது. நர்ஸின் சளியைத் தட்டில் வைத்துப் பார்த்தாராம். நாற்பத்துமூன்றில் வளர்கிறது.

"அன்னிக்குக் கூடாரம் வேண்டாம்னு நீங்க சொன்னது சரிம்மா" என்றார் கண்ணாடியைப் பார்த்து.

ஞானக்கனிக்கு அதில் சந்தோஷமில்லை. செல்லத்தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். போன வாரம் இறந்துவிட்டாள் என்றார் டாக்டர்.

கூடாரத்தை நாற்பத்துமூன்றரைக்கு ஏற்ற வேண்டும் என்று மேலிடத்தில் பேசிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். பால்த்துரைக்கு முதலில் விளங்கவில்லை. மனிதன் எதுவரைக்கும் தாங்குவான் என்று கேட்டார்.

"நாப்பத்தி மூணே அதிகம். நாப்பத்தி நாலுல ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க."

"அந்தப் பூஞ்சைக்கு எல்லை எது?"

"தெரியாது சார். உங்க துறை நாப்பது வருசமா தேடியிருக்கு. உங்களுக்கே தெரியலயே."

மண்ணுக்கு மேல்வரம்பு இல்லை. எத்தனை ஏற்றினாலும் மண் முனகாது. அதனால்தான் இத்தனை வருடம் ஏற்ற முடிந்தது. டாக்டர் போன பிறகும் பால்த்துரை கிடங்கு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து ஞானக்கனி கூப்பிட்டாள்.

"ஏங்க, நான் செத்தா என்னய மண்ணுல வைக்காதீங்க."

அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அவளுடைய அப்பாவும் அம்மாவும், பிறந்து மூன்றாம் நாள் இறந்துபோன மூத்த மகனும் கோவில் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகக் கிடந்தார்கள். மகனுக்குப் பக்கத்து இடத்தை அவள் இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பே தனக்கென்று சொல்லி வைத்திருந்தாள்.

"எரிச்சிருங்க. சபை ஐயர் வரமாட்டேன்னா வேண்டாம். எரிச்சிருங்க."

கார்த்திகையில் மழை வராமலேயே கழிந்த ஒரு வாரத்தில் அவள் இறந்தாள். கடைசி மூன்று நாள் காய்ச்சல் நாற்பத்தொன்றுக்குக் கீழே இறங்கவில்லை. ஐயர் வரவில்லை, ஜெபம் மட்டும் எழுதிக் கொடுத்தனுப்பினார். மின்மயானத்து வாசலில் ரெஜினா அதை வாசித்தாள், பாதியில் நிறுத்திவிட்டாள். சாம்பலைக்கூட வெளியே தரவில்லை.

*

மறு சித்திரையில் புதிய போர்வைச் சுருள்கள் வந்து இறங்கின. இந்த ஆண்டுக்கு எழுபத்தாறு டிகிரி. பால்த்துரை அவற்றைப் பிரிக்க விடவில்லை. பதினேழாம் பண்ணையில் அந்தக் கோடையில் மண்ணை மூடவில்லை. பழைய காட்டு மண்ணும் மக்கு உரமும் கொண்டுவந்து கலந்தார். ஒன்றையொன்று தின்னும் ஆயிரம் பூஞ்சைகள் ஒரே மண்ணில் இருந்தால் ஒன்று மட்டும் தலையெடுக்காது என்று மேலதிகாரிகளுக்கு எழுதினார். எழுதியது உண்மைதான். ஆனால் நாற்பது வருடம் வெந்த மண் ஒரே கோடையில் உயிர் பெறவில்லை. பத்து லட்சத்தில் ஏழு லட்சம் நாற்று கழுத்தழுகிச் சாய்ந்தது. மூன்று லட்சம் நின்றது.

பக்கத்துப் பண்ணைகள் எழுபத்தாறில் மூடி, ஒன்பதரை லட்சம் காட்டின. விசாரணைக்கு வந்த அதிகாரி கெட்டவர் அல்ல. ஏழு லட்சம் மரமென்றால் எத்தனை ஊர் சாலைக்கு நிழல், அதில்லாமல் எத்தனை பேர் விழுவார்கள் என்று பொறுமையாகத்தான் கேட்டார். ஓரக்காய்ச்சலில் இதுவரை செத்தவர்களைவிட ஒரு கோடையில் வெயிலில் சாகிறவர்கள் அதிகம் என்றார். அதுவும் உண்மைதான். காய்ச்சல் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றார் பால்த்துரை. அதை அதிகாரி எழுதிக்கொள்ளவில்லை. அன்று மாலையே சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

வெயில் இன்னும் மீதியிருந்ததால் புதிய மண்காப்பாளர் வந்த வேகத்தில் சுருள்களைப் பிரித்தார். ஓரம் மிதிக்கப் பதினான்கு பேர் வேண்டும், கால் உறையும் முகமூடியும் தரப்படும் என்று அறிவிப்பு ஒட்டினார். பால்த்துரை தன் சாமான்களை எடுக்கப் போன காலையில் பண்ணை வாசலில் அறுபது பெண்களுக்கு மேல் நின்றார்கள். ஒன்பது மணிதான் ஆகியிருந்தது, அதற்குள் வெயில் தாங்க முடியவில்லை. ஓரம் மிதிக்கப் போக வேண்டாம் என்று அவர் ஒவ்வொருத்தியிடமாகப் போய்ச் சொன்னார். கிடங்கைக் காட்டிச் சொன்னார். பாதிப்பேருக்கு ஞானக்கனியைத் தெரியும். பொறுமையாகக் கேட்டார்கள், வருத்தப்பட்டார்கள்.

ஒருத்தி மட்டும் பதில் சொன்னாள். இடுப்பில் கைக்குழந்தை, அதன் தலையை முந்தானையால் மூடியிருந்தாள்.

"எங்க ஊர்ச் சாலையில இன்னும் ஒரு மரமில்லண்ணே. போன கோடையில எங்க வீட்டுக்காரர் அதுலதான் விழுந்தாரு. அங்க நட நாத்து இங்கருந்துதான் வரணும்" என்றாள். வரிசை நகர்ந்தது. அவளும் நகர்ந்து உள்ளே போனாள்.